முருங்கை இலைப் பொடியை வீட்டுலயே போடலாம், ஆன்டிஆக்ஸிடன்ட் போகாம

கடையில முருங்கை இலைப் பொடி வாங்குறீங்கன்னா பாக்கெட்ல எழுதியிருக்கிறதை விடுங்க, 'ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்தது'ன்னு யாரு வேணா அச்சடிச்சுக்கலாம், முதல்ல பொடியோட கலரைப் பாருங்க. பக்குவமா காய வச்ச பொடி நல்ல பச்சையா இருக்கும், மூடியைத் திறந்ததும் கீரை வாசனை வரும். வெயில்ல போட்டு எடுத்து, அப்புறம் மாசக்கணக்கா கண்ணாடி ஷெல்ஃப்ல ட்யூப்லைட் வெளிச்சத்துல நின்ன பொடி காக்கி கலருக்குப் போயிருக்கும், வைக்கோல் மாதிரி வாசனை அடிக்கும். ரெண்டும் முருங்கைதான், ரெண்டு பாக்கெட்லயும் ஒரே புராணம்தான் போட்டிருப்பாங்க, ஆனா உள்ள மிச்சம் இருக்கிற சரக்கு வேற வேற. மரத்துல இருக்கிற வரைக்கும் எல்லா முருங்கையும் நல்ல முருங்கைதான், பறிச்சதுக்கு அப்புறம் நம்ம கை என்ன பண்ணுதுங்கிறதுலதான் விஷயம் இருக்கு. அதைத்தான் இங்க ஒவ்வொண்ணா சொல்லப் போறேன்.

முதல்ல எது போகக்கூடாதுன்னு தெரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் சுலபமா புரியும். முருங்கை இலையில வைட்டமின் சி, வைட்டமின் இ, பீட்டா கரோட்டின் இருக்கு, கூடவே குவர்செட்டின், கேம்ஃபெரால், குளோரோஜெனிக் ஆசிட்னு பாலிஃபினால் வகையறா இருக்கு. நம்ம உடம்புல மூச்சு விடுறது, சாப்பாடு எரியுறது எல்லாத்துலயும் ஃப்ரீ ராடிக்கல்னு ஒரு எலக்ட்ரான் குறைஞ்ச மூலக்கூறுகள் உருவாகிட்டே இருக்கும், அதுக பக்கத்துல இருக்கிற செல்லோட கொழுப்பு, புரதம்னு எதுலயாவது எலக்ட்ரானைப் பிடுங்கும், ஆன்டிஆக்ஸிடன்ட் என்ன பண்ணும்னா தன்னோடதைக் குடுத்து அதை அடக்கி வச்சிரும். இப்படிச் சுலபமா குடுக்கிற பொருள்ங்கிறதாலதான் அது காத்து பட்டாலும் வெயில் பட்டாலும் சூடு பட்டாலும் தானே தீர்ந்து போயிருது. கத்திரிக்காயை நறுக்கி வச்சா கறுத்துப் போகுதுல்ல, அதே நொதி வேலைதான் கசங்கின முருங்கை இலையிலயும் நடக்குது. ஆக நமக்கு எதிரிங்க யாருன்னா வெயில், சூடு, காத்து, ஈரம், அப்புறம் நாள்.

பறிக்கிறது

காலையில பனி ஈரம் உலர்ந்ததும், வெயில் ஏறுறதுக்குள்ள பறிச்சிருங்க. கொழுந்து பொரியலுக்கு நல்லா இருக்கும், பொடிக்கு நடுத்தரமா முத்தின கரும்பச்சை இலைதான் சரி, கொழுந்துல தண்ணி ஜாஸ்தி, காயுறதுக்குள்ள சுருண்டு கறுத்துரும். மஞ்சள் தட்டினது, ஓட்டை விழுந்தது எல்லாத்தையும் தள்ளிருங்க. மழைக்காலத்துல தண்டுல கம்பளிப்பூச்சி அப்பியிருக்கும், அந்த நேரத்துல இலையோட அடிப்பக்கத்தைப் பார்க்காம கையை வைக்காதீங்க, அரிப்பு எடுத்தா அன்னைக்கு ராத்திரி தூக்கம் கிடையாது.

மரம் ரொம்ப உயரமா போயிருச்சுன்னா கவலைப்படாம வெட்டி விடுங்க, முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும்னு சும்மாவா சொன்னாங்க, இடுப்பு உயரத்துக்கு நிறுத்தி வச்சா பக்கக் கிளை நிறைய வரும், கைக்கு எட்டுற உயரத்துல இலை கிடைக்கும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி குடுத்த பிகேஎம் 1 ரகம் மாதிரி செடி முருங்கையா இருந்தா இது இன்னும் சுலபம். சந்தையில வாங்குறவங்க ரோட்டோரத்துல புகையும் தூசியும் குடிச்ச கட்டை வாங்காதீங்க, கீரைக்காரம்மாகிட்ட எந்தத் தோட்டம், மருந்து அடிச்சு எத்தனை நாள் ஆச்சுன்னு கேட்டா பெரும்பாலும் உண்மையைச் சொல்லிருவாங்க.

இலை உருவுறதுக்கு நம்ம வீடுகள்ல ஒரு குறுக்கு வழி உண்டு, கட்டை அப்படியே ஒரு துணியில இல்லைன்னா பேப்பர்ல சுத்தி ராத்திரி முழுக்க வச்சிருந்து காலையில உதறினா இலையெல்லாம் பொலபொலன்னு தானா கொட்டிரும். மறுநாள் சமைக்கிற கீரைக்கு இது ரொம்ப நல்ல வழி, வேலையே இல்ல. ஆனா பொடிக்கு இதைப் பண்ணாதீங்க, கட்டிப் போட்ட இலை உள்ளுக்குள்ள சூடாகி வேர்க்கும், பாதி மஞ்சள் தட்டிரும், வைட்டமின் சி அந்த ஒரு ராத்திரியிலயே நிறைய இறங்கிரும். பொடிக்குன்னா பறிச்ச கையோட உட்கார்ந்து உருவிருங்க, பேச்சுத் துணைக்கு ஆள் இருந்தா நேரம் போறதே தெரியாது.

கழுவி காய வைக்கிறது

பெரிய பாத்திரத்துல தண்ணி எடுத்து கொஞ்சம் கல்லுப்பும் மஞ்சத்தூளும் போட்டு இலையை ஒரு முங்கு முக்கி எடுத்து, நல்ல தண்ணியில ரெண்டு தடவை அலசிருங்க. ஊற வைக்க வேண்டாம், தண்ணியில கரையுற சத்து தண்ணியோடயே போயிரும். பிழியவும் வேண்டாம், கசங்கின இடமெல்லாம் கறுக்கும். ஓட்டைக் கூடையில வடிய விட்டு, அப்புறம் ஒரு பழைய காட்டன் வேட்டியை விரிச்சு ஒரே அடுக்கா, இலை மேல இலை ரொம்ப ஏறாம பரப்புங்க.

எங்கே விரிக்கிறதுன்னா ஃபேன் ஓடுற ரூம்ல, ஜன்னல் வெயில் நேரா விழாத இடத்துல. மொட்டை மாடி வேண்டாம், வத்தல் வடாமுக்குத்தான் அது சரி. வெயில்ல போட்டா ஒரே நாள்ல காஞ்சுரும், வேலை முடிஞ்ச மாதிரி இருக்கும், ஆனா சாயங்காலம் பார்த்தா பச்சை வெளுத்திருக்கும், பச்சை வெளுக்குதுன்னா கூடவே பீட்டா கரோட்டினும் அடி வாங்குதுன்னு அர்த்தம். நிழல்ல மூணு நாலு நாள் ஆகும், காலையில ஒரு தடவை சாயங்காலம் ஒரு தடவை கையால லேசா கிளறி விடணும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில இந்த வேலையே ஆரம்பிக்காதீங்க, காயாத இலையில பூஞ்சை வந்துரும், பூஞ்சை வந்த இலையைக் காய வச்சுப் பொடிச்சா அது மருந்து இல்ல விஷம், அப்படியே உரக்குழியில கொட்டிருங்க. டிரையர் இருக்கிறவங்க 50 டிகிரிக்குப் பக்கத்துல வச்சுக்கோங்க, சீக்கிரம் முடியட்டும்னு 80, 90க்கு ஏத்துனா நிழல் உலர்த்தலோட பலனே போச்சு. மைக்ரோவேவ் பத்தி நிறைய வீடியோ சுத்துது, ஓரம் கருகுறதும் நடு ஈரமா நிக்குறதும்தான் அதுல நடக்கும், எனக்கு அதுல நம்பிக்கை இல்ல.

காஞ்சிருச்சான்னு எப்படிப் பார்க்கிறது? ஒரு கைப்பிடி எடுத்து உள்ளங்கையில வச்சு மூடி அழுத்துங்க, மொறுமொறுன்னு சத்தத்தோட நொறுங்கி தூளாகணும். கை திறக்குறப்ப இலை மறுபடியும் விரியுற மாதிரி இருந்தாலோ, துவண்டாலோ, இன்னும் ஒரு நாள் போகணும். பச்சை இலையில முக்கால் பங்குக்கு மேல தண்ணிதான், அதனால உருவின இலை 1 கிலோ போட்டா பொடி சுமார் 200 கிராம்தான் தேறும், ரொம்பக் கம்மியா இருக்கேன்னு மலைச்சுப் போகாதீங்க.

பொடிக்கிறதும் வைக்கிறதும்

மிக்ஸியில போட்டு ஒரேடியா ஓட விடாதீங்க, ஜார் சூடாகும், விட்டு விட்டு சுத்துங்க. ஜாரைத் தொட்டுப் பார்த்து வெதுவெதுன்னு இருந்தா ரெண்டு நிமிஷம் நிறுத்திட்டு அப்புறம் தொடருங்க. மெல்லிசு சல்லடையில சலிச்சு, தட்டுல பரப்பி ஆற விட்டுட்டுதான் டப்பாவுல போடணும், சூட்டோட போட்டா உள்ள வேர்த்து கட்டி பிடிச்சுரும்.

இதுல ஒரு நல்ல யோசனை என்னன்னா மொத்தத்தையும் பொடிச்சு வைக்காதீங்க. காஞ்ச இலையாவே எவர்சில்வர் டப்பாவுல இறுக்க மூடி இருட்டான அலமாரியில வச்சிட்டு, மாசத்துக்கு வேணுங்கிறதை மட்டும் பொடிங்க. இலையா இருக்கிறப்ப காத்து படுற பரப்பு கம்மி, பொடியாக்கிட்டா ஒவ்வொரு துகளுக்கும் காத்து பாயும். பொடியை மூணு மாசத்துக்குள்ள முடிச்சிருங்க. அடுப்புக்கு மேல இருக்கிற ஷெல்ஃப்ல வைக்காதீங்க, ஈரக் கரண்டி போடாதீங்க, இதெல்லாம் ஊறுகாய்க்குப் பார்க்கிற அதே ஆசாரம்தான்.

வடிச்ச கஞ்சியில ஒரு டெஸ்ட்

நம்ம பொடி எந்த லட்சணத்துல இருக்குன்னு வீட்டுலயே ஓரளவு பார்க்கலாம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க இருக்கிற வீட்டுல இதைக் கண்டிப்பா பண்ணிப் பாருங்க. பீட்டாடின் லிக்விட் ஒரு டீஸ்பூன் எடுத்து அரை டம்ளர் தண்ணியில கலந்துக்கோங்க, இதுல அயோடின் இருக்கு. சாதம் வடிச்ச கஞ்சியை ஆற வச்சு தண்ணி விட்டு நீர்க்கக் கரைச்சுக்கோங்க. பொடி 1 கிராம் எடுத்து (எடை மிஷின் இல்லைன்னா அரை டீஸ்பூன் மட்டமா) அரை டம்ளர் பச்சைத் தண்ணியில பத்து நிமிஷம் ஊற வச்சு துணியில வடிகட்டுங்க. பச்சை இலையோட ஒப்பிடணும்னா 5 கிராம் இலையை அம்மியில தட்டி அதே அளவு தண்ணியில கரைச்சு வடிகட்டணும், ஏன்னா 5 கிராம் இலை காஞ்சாதான் 1 கிராம் பொடி.

இப்ப ஒரு வெள்ளை பீங்கான் கப்புல அந்த வடிகட்டின தண்ணி ரெண்டு டீஸ்பூன், கஞ்சித் தண்ணி ஒரு டீஸ்பூன் விட்டு, பழைய சொட்டு மருந்து பாட்டில்ல பீட்டாடின் கரைசலை ஊத்தி ஒவ்வொரு சொட்டா விடுங்க. சொட்டு விழுந்த இடத்துல கஞ்சியோட மாவுச்சத்தும் அயோடினும் சேர்ந்து குபுக்குன்னு கருநீலம் வரும், கலக்குனா மறைஞ்சு போயிரும், வைட்டமின் சி அந்த அயோடினை அடக்கிருச்சுன்னு அர்த்தம். இப்படியே போட்டுட்டே போனா ஒரு கட்டத்துல நீலம் மறையாம நின்னுரும், அதுவரைக்கும் எத்தனை சொட்டுன்னு எண்ணி வச்சுக்கோங்க. பச்சை இலை நிறைய சொட்டு தாங்கும், நிழல்ல காஞ்சது அதைவிடக் கம்மி, வெயில்ல காஞ்ச பழைய பொடி சீக்கிரமே நீலமாகிரும். இது முக்கியமா வைட்டமின் சிக்கான கணக்குதான், குவர்செட்டின் மாதிரி பாலிஃபினால்கள் உலர்த்துறதைக் கொஞ்சம் நல்லாவே தாங்கும், அதனால சொட்டு குறைஞ்சா பொடியே வீண்னு தூக்கிப் போட வேண்டாம். டெஸ்ட் பண்ண கப்பை நல்லா கழுவிருங்க, அந்தத் தண்ணியை யாரும் குடிச்சிரக் கூடாது.

லேப்லயும் கிட்டத்தட்ட இதே விளையாட்டுதான். டிபிபிஹெச்னு ஒரு ஊதா கலர் கரைசல், அதுவே ஒரு ஃப்ரீ ராடிக்கல், 1958ல இருந்து இந்த முறை புழக்கத்துல இருக்கு. அதுல இலைச்சாறை விட்டா ஊதா மஞ்சளாகும், எவ்வளவு வெளுத்துச்சுன்னு 517 நானோமீட்டர் ஒளியில அளப்பாங்க. யூட்யூப்ல 'அத்தனை சதவீதம் ஆன்டிஆக்ஸிடன்ட்'னு வர்ற நம்பர் நிறைய இங்க இருந்து வந்ததுதான். ஆனா பல ஆய்வுகள்ல சாறு எடுக்கிறது மெத்தனால்லயோ எத்தனால்லயோ, நாம குடிக்கிறது ரசத்துல. அதுவும் போக, சோதனைக் குழாய்ல வெளுத்தது ரத்தத்துல அப்படியே நடக்கும்னு கிடையாது, அமெரிக்க வேளாண் துறை உணவுகளுக்கு ஓராக் மதிப்புன்னு, சோதனைக் குழாய்ல அளந்த ஆன்டிஆக்ஸிடன்ட் பலத்தோட ஒரு பெரிய அட்டவணை வச்சிருந்தாங்க, அந்த எண்களுக்கும் மனுஷ உடம்புல நடக்கிறதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு சொல்லி 2012ல வெப்சைட்ல இருந்து எடுத்துட்டாங்க. ஆனாலும் சில கம்பெனிக்காரங்க அந்த எண்ணை விட மாட்டேங்கிறாங்க.

நெய்யில போடுற முருங்கை

ஆன்டிஆக்ஸிடன்ட்னு பேர் தெரியாமலே நம்ம பாட்டிமார் அதை உபயோகிச்ச இடம் ஒண்ணு இருக்கு, வெண்ணெய் உருக்குற சட்டி. நெய் கெட்டு சிக்கு வாடை வர்றது அதுல இருக்கிற கொழுப்பு ஆக்ஸிஜனோட சேர்றதாலதான், முருங்கை இலை அதைத் தள்ளிப் போடும். வெண்ணெயைச் சின்னத் தீயில வைங்க, முதல்ல படபடன்னு சத்தம் போட்டு நுரைக்கும், சத்தம் அடங்கி அடியில கசடு பொன்னிறமாகுறப்ப ஒரு கைப்பிடி முருங்கை இலையை, சொட்டு ஈரம் இல்லாம துடைச்சு, போட்டுட்டு அடுப்பை அணைச்சிருங்க. சடசடன்னு பொரிஞ்சு அப்பளம் மாதிரி மொறுமொறுப்பாகும். வடிகட்டினா நெய்ல லேசா பச்சை சாயலும் ஒரு நல்ல வாசனையும் நிக்கும். வடிகட்டியில நின்ன இலையைத் தூக்கிப் போட்டீங்கன்னா அந்த வீட்டுப் பிள்ளைங்க உங்களை மன்னிக்காதுங்க, அதுல ரெண்டு கல்லு உப்பு போட்டு சுடுசோத்துல பிசைஞ்சு குடுங்க.

சாப்பிடுறது எப்படி

'வெந்து கெட்டது முருங்கை, வேகாமல் கெட்டது அகத்தி'ன்னு ஒரு பழமொழி உண்டு, சமையல் குறிப்பே அவ்வளவுதான். பொரியல்னா பருப்பும் வெங்காயமும் வெந்த பிறகு இலையைப் போட்டு ஈரம் சுண்டுற வரைக்கும் பிரட்டி இறக்கிருங்க, ஒரு மணி நேரம் கொதிக்க விட்டா கசக்கும், சத்தும் போகும். யாழ்ப்பாணத்துல நண்டுக் குழம்புக்கு முருங்கையிலை போடுறதும் இறக்குற நேரத்துலதான். அதுக்காகப் பச்சையாவே அரைச்சுக் குடிக்கிறேன்னு கிளம்ப வேண்டாம், தைவான்ல இருக்கிற உலக காய்கறி மையத்துல சோதிச்சப்போ வேக வச்ச இலையில இரும்புச்சத்து கிடைக்கிற அளவு பச்சையைவிட மூணு மடங்குக்கு மேல இருந்துச்சு. வைட்டமின் சி கொஞ்சம் போகும், இரும்பு கூடும், அளவா வேக வச்சா ரெண்டும் ஓரளவு கையில நிக்கும்.

பொடியை அடுப்புல இருக்கிறதுல போடாதீங்க, இறக்கினதுக்கு அப்புறம் தூவுங்க. முதல் கவளம் சோத்துல பொடி, உப்பு, வறுத்துப் பொடிச்ச சீரகம், ஒரு ஸ்பூன் நெய் இல்ல நல்லெண்ணெய், இதைவிட நல்ல வழி கிடையாது, பீட்டா கரோட்டின் கொழுப்புல கரையுறதுங்கிறதால எண்ணெய் இல்லாம உடம்புல சரியா ஒட்டாது. இட்லிப் பொடியில சேர்க்கலாம், ஆனா வறுத்த பருப்பெல்லாம் நல்லா ஆறினதுக்கு அப்புறம். மோர்ல கலக்கலாம். பருப்புல கலந்து எலுமிச்சை பிழிஞ்சா இரும்பு நல்லா சேரும், அதே இரும்பைக் கெடுக்கணும்னா சாப்பிட்ட கையோட ஒரு டம்ளர் டீ குடிச்சா போதும், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிங்க.

எவ்வளவுன்னா முதல்ல அரை டீஸ்பூன்ல ஆரம்பிங்க, வயிறு ஏத்துக்கிட்டா ஒண்ணு ரெண்டு டீஸ்பூன் வரைக்கும் போகலாம், எடுத்தவுடனே அள்ளிப் போட்டா வயித்தைக் கலக்கும். மாதவிடாய் நின்ன 45ல இருந்து 60 வயசுப் பெண்கள் 90 பேரை வச்சு பஞ்சாப்ல நடந்த ஆய்வு ஒண்ணு 2014ல வெளியாச்சு, அதுல முருங்கை குழுவுக்குத் தினம் 7 கிராம் பொடி 3 மாசம் குடுத்தாங்க, ரத்தத்துல வைட்டமின் சி அளவு ஏறுச்சு, ஆக்ஸிடேஷன் சேதத்தைக் காட்டுற மாலோன்டைஆல்டிஹைடு சுமார் 16 சதவீதம் இறங்குச்சு. நல்ல சேதிதான், ஆனா சின்ன ஆய்வு, இதை வச்சு கேன்சர் போகும் கிட்னி புதுசாகும்னு சொல்றவங்களை நம்பாதீங்க.

பேக்கெட்ல 'ஆரஞ்சைவிட ஏழு மடங்கு வைட்டமின் சி'ன்னு போட்டிருந்தா அது பச்சை இலையோட கணக்கு, பொடிக்கு செல்லாது. பச்சை இலைக்கே 100 கிராமுக்கு 50 மில்லிகிராம்ல இருந்து 200க்கு மேல வரைக்கும் ஒவ்வொரு அட்டவணையும் ஒவ்வொண்ணு சொல்லுது, மரம், மண்ணு, இலையோட வயசு எல்லாத்தையும் பொறுத்து மாறும். கேப்ஸ்யூலா விழுங்குறதும் எனக்குச் சரியாப் படல. ஃபின்லாந்துல புகை பிடிக்கிற ஆண்கள் 29,000 பேருக்கு மேல வச்சு பீட்டா கரோட்டின் மாத்திரை குடுத்துப் பார்த்தாங்க, நுரையீரல் கேன்சர் குறையும்னு நினைச்சாங்க, 1994ல முடிவு வந்தப்ப மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு 18 சதவீதம் கூடித்தான் இருந்துச்சு. அது முருங்கை இல்ல, பிரிச்செடுத்த மாத்திரை, ஆனா ஆன்டிஆக்ஸிடன்ட்னாலே எவ்வளவு வேணா உள்ள தள்ளலாம்ங்கிற நினைப்பு இருந்தா இதை ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க.

சுகருக்கு, பிரஷருக்கு மாத்திரை எடுக்கிறவங்க தினமும் பொடி எடுக்கிறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, முருங்கையும் சேர்ந்து இறக்கிட்டா தலை சுத்தும். ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுக்கிறவங்களுக்கு இலையில இருக்கிற வைட்டமின் கே மருந்தோட மல்லுக்கு நிக்கும். கிட்னி பிரச்சனை இருந்தா இலையில இருக்கிற பொட்டாசியத்தையும் கணக்குல வச்சுக்கணும். கர்ப்பமா இருக்கிறவங்க கீரையா சமைச்சு சாப்பிடுறது வேற, பட்டையும் வேரும் மட்டும் யார் சொன்னாலும் வாயில வைக்காதீங்க.

உருவின பிறகு மிஞ்சுற ஈர்க்கை வீசிராதீங்க. ஒரு கைப்பிடி ஈர்க்கை நறுக்கி, மிளகு, சீரகம், ரெண்டு பல்லு பூண்டு தட்டிப் போட்டு தண்ணி விட்டு கால் மணி நேரம் கொதிக்க விட்டு வடிகட்டி, அந்தத் தண்ணியில புளியும் தக்காளியும் கரைச்சு வழக்கம் போல ரசம் வைங்க. சல்லடையில நின்ன திப்பியையும் இதுலயே போட்டுக் கொதிக்க விடலாம், வடிகட்டத்தானே போறோம்.